ஒரு காலுக்கு நாற்பத்தாறு படம்

நாகல் நகரில் ஒரு ஸ்டூடியோவில் பதினேழு வருஷம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சேர்ந்தபோது படம் கழுவும் வேலை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருட்டறையில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அது எனக்குத் தோதாக இருந்தது.

நெகட்டிவ்களை எடுத்து வைப்பதும் என் பொறுப்பு. மற்ற கடைகளில் தேதி போட்டு வைப்பார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். "எங்கப்பா சாகுறதுக்கு முந்தி எடுத்தமே, அது வேணும்" என்பார்கள். தேதியை வைத்துக்கொண்டு அதை எங்கே தேடுவது? அதனால் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின் என்று வைத்தேன். ஒரு வீட்டில் நடந்தது எல்லாம் ஒரே டின்னில். டின்னுக்குள் ஆளுக்கு ஒரு கவர். அந்த ஆளுக்குக் காது குத்தினதும், வேதக்கோயிலில் புது நன்மை வாங்கினதும், கல்யாணம் ஆனதும் அந்தக் கவரில் இருக்கும். டின் மேல் பேர் எழுத மாட்டேன். ஒரே பேரில் இந்த ஊரில் நூறு பேர் இருப்பார்கள். "கறிக்கடை வீடு", "மாடி இடிஞ்ச வீடு", "வாத்தியார் வீடு, ரெண்டாவது மக" என்று எழுதுவேன். யார் வந்து எதைக் கேட்டாலும் செத்த நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

முதலாளி சிரிப்பார். "ஏலே, போலீஸ் ஸ்டேஷன்ல கூட இம்புட்டு விவரம் இருக்காதுடா."

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இருட்டறையில் பழைய பேனர்களைப் போட்டு வைத்தார்கள். என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. ஃபோல்டர் என்றால் என்ன என்று காட்டினார்கள். எனக்கு உடனே புரிந்தது. அது டின். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்றால் டின்னுக்குள் கவர். தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டப் பழகினேன். பழைய மாதிரியே வீடு வீடாக, ஆள் ஆளாக அடுக்கினேன்.

என் வீட்டுக்கும் ஒன்று வைத்தேன். "நம்ம வீடு". அதற்குள் "மக". எங்களுக்கு ஒரே மகள். அவள் படங்கள் எல்லாம் அதில்.

அவள் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது காலில் வெள்ளை விழுந்தது. இடது கால், கணுக்காலுக்கு மேலே. முதலில் சுண்ணாம்பு பட்டது என்று நினைத்தாள். கழுவிப் பார்த்தாள். போகவில்லை. எங்களிடம் சொன்னபோது உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. என் மனைவி அன்றைக்குச் சோறு வைக்கவில்லை.

டவுனில் தோல் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். "இது ஒட்டுற வியாதி இல்ல. நிறம்தான் போயிருக்கு. மருந்து போட்டா திரும்பும். நாளாகும்" என்றார். நான் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நல்லதாப் போச்சு. மாசா மாசம் படம் எடுத்துட்டு வாங்க. பக்கத்துல ஒரு பேனாவ வச்சு எடுங்க. அப்பத்தான் அளவு தெரியும்" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் எடுப்போம். கடை காமிராவைச் சனிக்கிழமையே வாங்கிவந்துவிடுவேன். கொல்லைக் கதவைத் திறந்தால் வெளிச்சம் வரும். வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் காலை வைப்பாள். அவளுடைய நீலப் பேனாவை என் மனைவி காலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வாள். மூன்று படம், சில மாதம் நாலு.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கடையில்தான் ஏற்றினேன். "மக"வுக்குள் "காலு" என்று ஒன்று. அதற்குள் மாதத்துக்கு ஒன்று. தை, மாசி, பங்குனி. படங்களுக்கு "வெள்ளை கிட்ட", "வெள்ளை சைடு", "வெள்ளை தூரம்" என்று பேர். டாக்டருக்குப் பழையதையும் சேர்த்துக் கடையின் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோவேன். அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகி, தன்னிடம் எதையும் ஏற்றிக்கொள்ளாமல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். "குறையுது" என்பார். சீட்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதுவார். கடைக்குத் திரும்பியதும் பென் டிரைவில் உள்ளதையும் காமிராவில் உள்ளதையும் அழித்துவிடுவேன். இரண்டும் கடைப் பொருள்.

பதினாலு மாதம் இப்படிப் போனது. உள்ளங்கை அளவு இருந்தது சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது. மொத்தம் நாற்பத்தாறு படம்.

அதற்குள் முதலாளி நத்தத்திலும் சாணார்பட்டியிலும் கடை போட்டிருந்தார். அவருடைய மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர். ஊரோடு வந்துவிட்டார். மூன்று கடைக்கும் ஒரு சாப்ட்வேர் போட்டார். நாகல் நகரில் ஒரு ஃபோல்டரில் படத்தைப் போட்டால் நத்தத்திலும் சாணார்பட்டியிலும் அதே ஃபோல்டர், அதே படம் வந்துவிடும். பஸ்ஸில் சிடி கொடுத்துவிடுகிற வேலை நின்றது. நல்ல சாப்ட்வேர்தான்.

சில மாதம் கழித்து இன்னொன்று செய்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்.

"அண்ணே, இந்த சாப்ட்வேர்ல ஏபிஐன்னு ஒண்ணு இருக்கு. பின்பக்கம் ஒரு வாசல்னு வச்சுக்கங்க. நான் எழுதுன பக்கம் அந்த வாசல்ல போயி, உள்ள என்னென்ன இருக்குன்னு கேக்கும். எந்த ஃபோல்டருக்குள்ள எந்த ஃபோல்டர், அதுக்குள்ள எத்தன ஃபைல், என்னென்ன பேருன்னு அது வரிசையா ஒப்பிச்சிரும்."

"படம்?"

"படம் தராது. படம் பாக்கணும்னா பாஸ்வேர்டு வேணும். இது பேரு மட்டும்தான்."

"எல்லாப் பேருமா?"

"எல்லாப் பேரும். அதுதானண்ணே வசதி. கஸ்டமர் வந்து நிப்பாரு. ஸ்கிரீன அவரு பக்கம் திருப்புனா போதும். அவரு வீட்ட அவரே தேடி எடுத்துக்குவாரு. நீங்க அடுக்குன அடுக்கு சூப்பர்ணே. அதான் இது இம்புட்டு ஈசியா வந்துச்சு."

திரையில் வரி வரியாக வந்தது. ஒரு வரியைத் தொட்டால் அதற்குள் இருப்பது கொஞ்சம் தள்ளி இறங்கி வரும். எதிரே எண்ணிக்கை. "நம்ம வீடு" என்ற வரியும் இருந்தது.

எனக்கு அப்போதே "காலு" நினைவு வந்தது. அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார். அவர் முதலாளி வீட்டு மருமகன். அந்த வீட்டுக்குப் போனது தெருவுக்குப் போகும். வேறு எங்காவது எடுத்து வைத்திருக்கலாம். ஒரு ஆளின் படத்தை இன்னொரு டின்னில் போட்டு எனக்குப் பழக்கமில்லை. பேர்தானே, படம் தெரியாதே என்று இருந்துவிட்டேன்.

முதல் வாரமே சாணார்பட்டியில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டு ஃபோல்டரில் "கோவிச்சுக்கிட்டுப் போன மருமக" என்று ஒன்று இருந்தது. பழைய டின்னில் நான் எழுதியதை அப்படியே ஏற்றியிருந்தேன். நாகல் நகர் கடைக்கே வந்துவிட்டார்.

"எவன்டா அப்பு இத எழுதுனது? அவ திரும்பி வந்து மூணு பிள்ள பெத்துட்டா. இன்னும் உங்க பெட்டிக்குள்ள கோவிச்சுக்கிட்டேவா உக்காந்துருக்கா?"

கடையே சிரித்தது. முதலாளி என்னை மாற்றச் சொன்னார். அன்றைக்கே மாற்றினேன். ஆனால் திரையில் அந்த மருமகள் ஞாயிற்றுக்கிழமை வரை கோபித்துக்கொண்டே இருந்தாள். வாசலில் போய்க் கேட்பது வாரத்துக்கு ஒரு தடவைதானாம். அடிக்கடி கேட்டால் நெட் இழுக்காது என்றார் மருமகன். அப்போது நானும் சிரித்தேன்.

அந்த வருஷம்தான் மகளுக்கு இடம் வந்தது. நத்தத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுக்கிற குடும்பம். நம்ம வேதம்தான். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் அண்ணனும்தான் பேசினார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. மகள் அப்போது ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"சொல்லிருங்கப்பா" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? பொத்தான் அம்புட்டுதான இருக்கு. இன்னும் மூணு மாசத்துல அதுவும் இருக்காது" என்றாள் என் மனைவி.

"அப்பச் சொல்றதுக்கு என்னம்மா?"

"நீ படிச்சவ. நீ பேசுவ. ஊருல இதுக்கு என்ன பேரு சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்டி."

நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அண்ணனைத் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நிச்சயத்தன்று நானே படம் எடுத்தேன். என் மகள் நிச்சயத்துக்கு வேறு ஆளை விட மனசு வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அவர் தனியாக நின்றார். பக்கத்தில் போனேன்.

"என்ன மாமா, கழுத்துல காமிராவோடயே சாப்பிட்டீங்களா? பொண்ணுக்கு அப்பாவா, போட்டோகிராபரா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதற்குள் "மோதிரம் போடப் போறாங்க, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். போய் எடுத்தேன்.

அந்தப் படங்களை மறுநாள் கடையில் ஏற்றினேன். "நம்ம வீடு", "மக", அதற்குள் "நிச்சயம்". "காலு"வுக்குக் கீழே வரிசையில் அது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்கள் கோயிலிலும் வாசித்தார்கள், நத்தத்திலும் வாசித்தார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் மகளைக் கேலி செய்தார்கள். என் மனைவி அன்றைக்குக் கறி எடுக்கச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நத்தம் கடையில் இருக்கும் பெண் போன் பண்ணினாள். நல்ல பெண். நான்தான் அவளுக்கு வேலை பழக்கினேன்.

"அண்ணே, உங்க சம்பந்தி வீட்டு அண்ணன் வந்துட்டுப் போறாரு."

"சரி."

"நிச்சயப் படத்துல பிரிண்ட் போட எத்தன இருக்குன்னு கேட்டாரு. ஸ்கிரீனத் திருப்பி வச்சேண்ணே. உங்க வீட்டத் தொட்டாரு. அப்பறம் 'மக'ன்னு இருந்துச்சு, அதத் தொட்டாரு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அதுல காலுன்னு ஒண்ணு இருந்துச்சுண்ணே. என்னதிதுன்னாரு. எனக்குத் தெரியலன்னேன். அதையும் தொட்டாரு. மாசம் மாசமா எறங்கி வந்துச்சு. கீழ வரைக்கும் படிச்சாரு. படத்தத் தெறம்மான்னாரு. இதுல தெறக்காதுங்க சார், பேரு மட்டும்தான்னேன்."

"ம்."

"ஒரு காலுக்கு எதுக்கும்மா நாப்பத்தாறு படம்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியலண்ணே. அப்பறம் அந்தப் பக்கத்த அப்படியே பேப்பர்ல போட்டுக் குடுன்னாரு. கஸ்டமர் கேட்டா குடுக்கணும்னு சொல்லிருக்காங்கள்ல. குடுத்துட்டேன். தப்பாண்ணே?"

"இல்லம்மா" என்றேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

போனை வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். காலு ஃபோல்டரைத் தொட்டு அழித்தேன். குப்பைத் தொட்டிக்குப் போகாமல் அடியோடு அழிக்கிற மாதிரி, ஷிப்டை அமுக்கிக்கொண்டு. நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று கொடுத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அப்போது மனசில் இருந்தது.

பிறகு மருமகன் எழுதிய பக்கத்தைத் திறந்தேன். நம்ம வீடு. மக. காலு. நாற்பத்தாறு. எல்லாம் இருந்தபடியே இருந்தது. தொட்டேன். தை, மாசி, பங்குனி என்று இறங்கியது.

மருமகன் மாடியில் இருந்தார். ஏறிப் போனேன். "தம்பி, ஒரு ஃபோல்டர அழிச்சிட்டேன். இன்னும் லிஸ்ட்ல காட்டுது" என்றேன்.

"காட்டும்ணே. ஞாயித்துக்கிழமைதான போயி கேக்கும். அதுவரைக்கும் போன வாரம் கேட்டத வச்சுத்தான் காட்டும்."

"இப்பவே கேக்க வைக்க முடியுமா?"

"முடியும். ஆனா கேட்டா மூணு கடையும் அரை நாளைக்கு நின்னுரும். மொகூர்த்த நாளுண்ணே, மாமா கத்துவாரு. என்ன அவசரம்? படம்தான் யாருக்கும் வராதே."

எதற்கு அவசரம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் நத்தத்தில் இருக்கிற பேப்பரை அவர் என்ன செய்ய முடியும்?

படியில் பாதி இறங்கிய பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. திரும்ப ஏறினேன்.

"தம்பி, அந்தப் படம் நத்தம் கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

"இருக்காதுண்ணே. நீங்க இங்க அழிச்சா எல்லா எடத்துலயும் அழிஞ்சிரும். அதுக்குத்தான இதப் போட்டோம்." என் முகத்தைப் பார்த்தார். "வேணும்கிற படமாண்ணே? சிடில போட்டு வச்சிருப்பீங்கள்ல?"

கல்யாணப் படங்களைத்தான் சிடியில் போட்டு வைப்போம். காலுப் படங்களைப் போட வேண்டாம் என்று ஒதுக்கியது நான்தான். அந்த சிடிகள் முதலாளி வீட்டு அலமாரியில் இருக்கும் என்பதால் ஒதுக்கினேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி என்னை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் "அம்புட்டும் போயிருச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அம்மாவும் அண்ணனும். தண்ணீர் கொடுத்தோம். அம்மா வாங்கிக் குடித்தார். அண்ணன் வாங்கிக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் தட்டி வைத்த பேர்கள். என்னிடமே படிக்கக் கொடுத்தார்.

"இதுல வெள்ளன்னா என்ன மாமா?"

சொன்னேன். எப்போது வந்தது, எங்கே காட்டினோம், டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு குறைந்தது எல்லாம் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"இத நிச்சயத்தன்னைக்குச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்" என்றேன்.

"கை கழுவுற எடத்துல வந்து நின்னீங்களே. அது இதுக்குத்தானா?"

தலையாட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அம்மா என் மனைவியைப் பார்த்துப் பேசினார். "மதினி, நானும் பொம்பளப் பிள்ளய வச்சிருக்கவதான். கொறையில்லாத ஒடம்பு எங்க இருக்கு? எனக்குச் சக்கரை இருக்கு. இவனுக்குப் பல்லு நாலு பொய்ப்பல்லு."

"அம்மா" என்றார் அண்ணன்.

"இருடா. நான் என்ன கேக்குறேன்னா அண்ணே, அந்தப் படத்தக் காட்டுங்க. மொதல்ல எம்புட்டு இருந்துச்சு, இப்ப எம்புட்டு இருக்குன்னு என் கண்ணால பாத்துட்டுப் போறேன். கொறஞ்சுக்கிட்டே வந்திருந்தா ஒண்ணுமில்ல. என் கொழுந்தன் வீட்டாளுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் மனசாரக் கேட்டார். அது எனக்குத் தெரிந்தது.

"படம் இல்ல" என்றேன். "அழிச்சிட்டேன்."

"எப்ப?" என்று கேட்டார் அண்ணன்.

"நேத்து."

"நான் கடைக்குப் போயிட்டு வந்தப்பறமா?"

"ஆமா."

அண்ணன் அம்மாவைப் பார்த்தார்.

மகள் உள்ளேயிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேராக வந்து அந்த அம்மா முன்னால் நின்று சுடிதார் காலை மேலே ஏற்றிக் காட்டினாள். வாளியில் வைக்கிற மாதிரியே காலை முன்னால் வைத்தாள். அந்த அம்மா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான் அத்தே."

"நான் என்னமோன்னு நெனச்சேன்." நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா அண்ணே, இது இம்புட்டுல முடியுதா, இம்புட்டுல ஆரம்பிக்குதா? அத நான் எப்படித் தெரிஞ்சுக்குறது?"

"முடியுது அத்தே" என்றாள் மகள்.

"நீ சொல்ற. நான் நம்புறேன்னே வையி. ஊருல போயி நான் எதக் காட்டுவேன்? இவன் கொண்டாந்த பேப்பரத்தான எல்லாரும் பாக்குறாங்க."

எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை.

"டாக்டர்கிட்டப் போயிக் கேப்போம். சீட்டு இருக்கு" என்றேன். சீட்டை எடுத்து வந்தேன். பதினாலு வரி இங்கிலீஷ். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீட்டுல எழுதுனது எழுத்து மாமா. படம் நல்லா இருந்திருந்தா அதை எதுக்கு அழிப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

போகும்போது அந்த அம்மா மகளின் கன்னத்தைத் தொட்டார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அழிக்காம இருந்திருந்தா அண்ணே..." என்றார். முடிக்கவில்லை. பேப்பர் என் கையிலேயே இருந்தது. திருப்பிக் கேட்கவில்லை. அவர்களிடம் வேறு இருந்திருக்கும்.

வியாழன், வெள்ளி, சனி கடைக்குப் போனேன். வந்தவர்களின் படத்தை அவரவர் ஃபோல்டரில் போட்டேன். கவுண்டரில் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியே இருந்தது. யாராவது தங்கள் வீட்டைத் தேடுவார்கள். அவர்கள் தேடும்போது "நம்ம வீடு" மேலே ஏறிப் போகும், கீழே இறங்கி வரும். யாராவது தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். ஒருவரும் தொடவில்லை. தொட்டிருந்தாலும் நான் போய்த் தடுத்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாமா என்று என் மனைவி கேட்டாள். மகள் முதலில் புறப்பட்டு நின்றாள். போனோம். வழக்கமான இடத்தில் நின்றோம். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். பூசைக்கு உதவும் பீடப் பிள்ளைகள் கூட்டம், கல்லறைச் சுத்தம், பிறகு இரண்டு ஓலை. இரண்டும் வேறு வீடு. எங்கள் ஓலை இல்லை. முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் பீடத்தைப் பார்த்தபடி நின்றாள். வெளியே வந்ததும் யாரும் கேலி செய்யவில்லை.

மறுநாள் கடைக்குப் போய் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வாசலில் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தது. நம்ம வீடு. மக. அதற்குள் காலு இல்லை. நிச்சயம் மட்டும் இருந்தது.

சாமியாரிடம் சொன்னவர்கள் எங்களிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த மாப்பிள்ளைக்கு வேறு பெண்ணோடு நத்தம் கோயிலில் ஓலை வாசித்தார்கள் என்று நத்தம் கடைப் பெண் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். விடும்மா என்றேன்.

அதற்கெல்லாம் முன்னால், எங்கள் ஓலை நின்றுபோன அடுத்த மாதமே முதல் ஞாயிறு வந்தது. நான் காமிரா வாங்கி வரவில்லை. மகள் கேட்டாள்.

"ஏம்ப்பா, இந்த மாசம் எடுக்கலையா?"

"இனி எதுக்கு?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லலையே."

மத்தியானம் கடைக்குப் போய் எடுத்துவந்தேன். வாளியைக் கவிழ்த்தாள். என் மனைவி பேனாவைப் பிடித்தாள். குறி பார்த்தேன். பொத்தான் அளவு இருந்தது இப்போது மிளகு அளவுதான் இருந்தது. நான் அப்படிச் சொன்னேன். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். எங்கள் மூன்று பேருக்குத்தான் அது தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்க்க முந்தையது ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த மாதமும் எடுத்தோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. சுத்தமான கால், பக்கத்தில் ஒரு நீலப் பேனா. டாக்டர் திரையில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முடிஞ்சிருச்சு. இனி வர வேணாம்" என்றார். அந்தப் படத்தை வேறு யாரிடம் காட்டினாலும் இதை எதற்கு எடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

பென் டிரைவில் உள்ளதை அழிப்பதற்கு முன்னால் அந்தக் கடைசிப் படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். "மக"வுக்குள் புதிதாக ஒன்று திறந்தேன். பேர் கேட்டது. எழுத்துப் பலகையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அது தானாக வைத்த பேரையே விட்டுவிட்டேன். நியூ ஃபோல்டர்.